ரெக்கைக்காரன்

"ஏழு வயசுலயே இத முடிச்சேன்னு சொன்னீங்க. இன்னா இப்பிடி செவுத்துலயே போய் முட்டிக்கிறீங்க?"

கவிதா சிரிப்பை அடக்கப் பட்டுப்புடவை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சேரன் ஜாய்ஸ்டிக்கை நசுக்கிவிடுவதுபோல் அமுக்கினான். மாடிக்கு மாடி தாவிப் பறக்க வேண்டிய வீரன், முதல் மாடியிலிருந்தே கால் தவறித் தெருவில் விழுந்தான். எழுப்பிவிட்டால் மறுபடியும் விழுந்தான்.

கல்யாணம் முடிந்து, செஞ்சியில் இருக்கும் அக்கா வளர்மதி வீட்டுக்குப் புது மனைவியோடு விருந்துக்கு வந்த இடத்தில் இந்த வம்பு. பரண்மேல் கிடந்த பழைய வீடியோ கேம் பெட்டியைத் தேடி எடுத்தவள் கவிதாதான். எடுக்காமல் என்ன செய்வாள்? நிச்சயமான நாள் முதல் போனில் அவன் அளந்ததில் பாதி இந்தப் பெட்டியைப் பற்றித்தான். பாவம், வேறு எதைச் சொல்லி அளப்பான்? பரீட்சையில் கோட்டை விட்டான். போலீஸ் வேலைக்கு ஓடி மூச்சு வாங்கித் திரும்பி வந்தான். வாழ்க்கையில் அவன் முழுசாக ஜெயித்தது இந்த ஒன்றைத்தான். அதுவும் இப்போது கட்டினவள் கண்ணெதிரே கவிழ்ந்துகொண்டிருந்தது.

அம்மா தவறிய வருஷம், பிள்ளை அழுகையை நிறுத்தினால் போதும் என்று நைனா சென்னையிலிருந்து வாங்கி வந்த பெட்டி அது. அப்போது சேரன் சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். பன்னிரண்டு வயது அக்கா ஒரு பந்தயம் கட்டினாள். ஹீரோ அவன், வில்லன் அவள். அவன் தோற்றால் பட்டினி கிடக்கலாம், ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். ஜெயித்தால் தட்டில் போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிட வேண்டும்.

சேரன் ஒரு நாளும் தோற்றதில்லை. அடுத்த பொங்கலுக்குள் கன்னம் உப்பிவிட்டது.

திரையில் ஓடிய இங்கிலீஷ் அவர்களுக்குப் புரியவில்லை. அதனால் வீரனுக்கு ரெக்கைக்காரன் என்று இவர்களே பெயர் வைத்தார்கள். வில்லன் நிற்கும் கடைசிக் கோபுரத்துக்கு, ஜன்னலைத் திறந்தால் தெரியும் கோட்டை மலையின் பெயர்தான். ராஜகிரி ஏறிவிட்டால் ஆட்டம் முடிந்தது, அடுத்து சோறு.

"விட்டுடுங்க, வெரல் புண்ணாயிடப் போவுது" என்றாள் கவிதா. இப்போது அவள் சிரிக்கவில்லை, பரிதாபப்பட்டாள். சிரித்திருந்தாலே தேவலை என்று இருந்தது சேரனுக்கு.

வளர்மதி ஈரக்கையைத் துடைத்தபடி அடுப்படியிலிருந்து வந்தாள். திரையைப் பார்த்தாள், தம்பி முகத்தைப் பார்த்தாள், உடனே கவிதாவைக் கடிந்துகொண்டாள்.

"ஹீரோவுக்கு வேற ரிமோட்டு, வில்லனுக்கு வேற ரிமோட்டும்மா. வில்லனோடத சொருவிக் குடுத்துட்டு ஆடுன்னா எப்பிடி ஆடுவான்?"

அட, அதுதானா விஷயம்! சேரனுக்கு உயிர் திரும்பி வந்தது.

அக்கா பாய் விரித்தாள். டிவிக்குப் பின்னால் குனிந்து ஏதோ சரிசெய்தாள். யாராவது தடுக்கி விழுவார்கள் என்று ஒயர்களைப் பாய்க்கடியில் விட்டாள். இதெல்லாம் அவளுடைய அந்தக் காலத்துப் பழக்கம். கழுகு ஸ்டிக்கர் ஒட்டிய ஜாய்ஸ்டிக்கைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, அவன் கையில் இருந்ததை வாங்கிக்கொண்டு பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"வில்லன் வந்துட்டேன்டா. ஜெயிச்சா சாப்புடணும், ஞாபகம் இருக்குதா?"

அப்புறம் நடந்ததைக் கவிதா நம்பவே முடியாமல் பார்த்தாள். ரெக்கைக்காரன் மாடிக்கு மாடி பறந்தான். அக்கா வழக்கம்போல், வில்லனாக இருந்துகொண்டே, ஹீரோவுக்கு வழி சொன்னாள். "தாவு... குனி... இப்ப அடி." அவள் சொல்லச் சொல்ல இவன் அமுக்கினான். அந்த நாளிலும் இப்படித்தான். எதிராளிக்கே யோசனை சொல்லிச் சொல்லித் தோற்றுப்போவாள். இவ்வளவு அசடாக ஒரு அக்கா இருப்பாளா என்று சின்ன வயதில் நினைத்திருக்கிறான். இன்றைக்கும் அதே நினைப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

ராஜகிரி உச்சியிலிருந்து வில்லன் உருண்டு விழுந்தான். கவிதா கை தட்டினாள். அவள் கண்ணில் தெரிந்த பெருமையைப் பார்த்ததும் சேரன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"எப்பவும் போல தோத்துட்டேன். எண்ணெ காயுது, வட போட்டுட்டு வரேன்" என்று அக்கா ஜாய்ஸ்டிக்கைப் பாயில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஆட்டம் தானாகவே முதலிலிருந்து தொடங்கியது. ரெக்கைக்காரன் முதல் மாடியில் வந்து நின்றான். அந்தத் தாவலை இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்று கவிதா ஆசையாகக் கேட்டாள்.

சேரன் அமுக்கினான். ரெக்கைக்காரன் அசையவில்லை. எல்லாப் பட்டனையும் அமுக்கிப் பார்த்தான். வீரன் நின்ற இடத்திலேயே நின்றான். பழைய ஒயர்தானே, எங்காவது விட்டுப்போயிருக்கும் என்று லேசாக இழுத்தான்.

பாய்க்கடியிலிருந்து, எதிலும் செருகாத முனை சுலபமாக வெளியே வந்தது. பெட்டியில் செருகியிருந்தது அக்கா வைத்துவிட்டுப் போன ஜாய்ஸ்டிக் மட்டும்தான்.

சற்று முன்பு சுவரில் முட்டி முட்டி விழுந்தானே, அதுதான் அவன் பிறந்ததிலிருந்து ஆடிய முதல் ஆட்டம்.

அடுப்படியில் வளையல் சத்தம் கேட்டது. அக்கா எட்டிப் பார்ப்பதற்குள் அந்த முனையைப் பாய்க்கடியில் பழையபடி தள்ளிவிட்டு, சேரன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்: "சீக்கிரம் வாக்கா. நீ வந்து தோத்தாத்தான் எனக்கு சோறு எறங்கும்."