நிலவறைத் தமிழ்

இருந்தவர்கள்: அக்கா. அத்தான். மேசையில், கிண்ணத்துக்கு முன்னால், அவர்களுடைய மகன் யதுஷன், மூன்று வயது. வாசலில், சப்பாத்தைக் கழற்றாமல், அக்காவின் தம்பி, அவன்.

ரொறன்ரோவில் பாண் சுடும் ஒரு தொழிற்சாலை. அங்கே இரவு வேலை முடித்து வந்திருந்தான். புருவம், மீசை எல்லாம் கோதுமை மா.

இந்தக் காலை நேரத்தில் சமையலறையில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. அத்தான் வேலைக்குக் கிளம்பியிருப்பார். அக்கா சாவியைத் தேடிக்கொண்டிருப்பாள்.

இன்று காத்திருந்தார்கள்.

"இவன் டேகேரில இன்னும் வாய் திறக்கேல்லையாம்," என்றார் அத்தான். "ஒரு சொல்லு இல்லை."

அவன் சுவரில் சாய்ந்தான்.

கோடையிலிருந்து வீட்டில் பிள்ளையோடு தமிழ் இல்லை. இரண்டு பாஷை போட்டால் பிள்ளைக்கு மூளை குழம்பும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். முதலில் ஆங்கிலம் பிடிக்கட்டும். தமிழ் எங்கே போகப்போகிறது, பிறகு தானாக வரும். அத்தான் முடிவெடுத்தார். அக்கா தலையாட்டினாள்.

அவர்களிடம் இருந்தது வேலையிடத்து ஆங்கிலம்.

கம். சிட். ஈட். டோன்ட் டச்.

பிள்ளை எல்லாம் செய்தான். வரச் சொன்னால் வந்தான். எடுக்கச் சொன்னதை எடுத்து வந்தான். எல்லாம் விளங்குகிறது என்று இருவருக்கும் சந்தோஷம்.

பதில் வரவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தார்கள்.

கட்டளைக்குப் பதில் சொல்ல என்ன இருக்கிறது?

பின்னேரங்களில் பிள்ளை படியிறங்கி நிலவறைக்கு வருவான். அங்கேதான் மாமாவின் கட்டில். அவன் பாதித் தூக்கத்தில் கிடப்பான். பிள்ளை ஏறி அவன் வயிற்றில் உட்கார்ந்து கதை தொடங்குவான். டேகேரில் கடிக்கிற ஒரு பெட்டைப்பிள்ளையைப் பற்றி. ஹீட்டர் குழாய்க்குள் குடியிருக்கும் புலியைப் பற்றி. புலிக்கு யார் சோறு போடுவது, அது ஏன் குளிப்பதில்லை.

மாமன் கண்ணைத் திறக்காமலே பதில் சொல்வான். தமிழில். வீட்டு விதி அவனுக்குத் தெரியும். இரவு முழுக்க ஆங்கிலத்தில் விரட்டப்பட்டு வந்தவனுக்கு வேறெதுவும் வாயில் வரவில்லை.

நேற்று அக்கா படியில் நின்று கேட்டுவிட்டாள்.

"இந்த வீட்டில உனக்குத்தான் நல்ல இங்கிலிஷ்," என்றார் அத்தான். "கம்பஸ் போனனி. பாதியில விட்டிட்டு வந்தனி, அது வேற கதை. அந்த இங்கிலிஷைப் பிள்ளையோட கதைச்சா வாய் தேஞ்சிடுமே?"

"பிள்ளையைப் பாத்த பேச்சுப் பயிற்சிக்காரி என்ன சொன்னவ, அக்கா?"

அக்கா புருஷனைப் பார்த்தாள்.

"உங்கட பாஷையிலயே கதையுங்கோ, ஒண்டும் குழம்பாது எண்டுதான்..."

"அவளுக்கு ஒரு பாஷைதான்," என்றார் அத்தான். "ரெண்டோட இழுபடுறவன்ர பாடு அவளுக்கு என்ன தெரியும்?"



அத்தான் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இஞ்ச வந்து எத்தினை வருசம்? இண்டைக்கும் ஒரு வெள்ளைக்காரன்ர போன் வந்தா உன்ர அக்காட்டக் குடுத்திட்டு பாத்ரூமுக்குள்ள போய் நிக்கிறன். இவனுக்கு அது வேண்டாம்."

அது பொய்யில்லை. அவன் பார்த்திருக்கிறான்.

"பேச்சு வருமட்டும் இவன் கீழ பேஸ்மண்டுக்கு வரமாட்டான். மேல கண்டா இங்கிலிஷில கதை. ஏலாட்டிக் கதைக்காத."

"கோவிக்காதையடா," என்றாள் அக்கா.

கோபிக்கவும் சக்தி வேண்டும். கால்கள் கொதித்தன. படுத்தால் போதும் என்றிருந்தது. தலையாட்டினான்.

அப்போதுதான் பிள்ளை கிண்ணத்திலிருந்து நிமிர்ந்தான்.

"மாமா! நீங்கள் கிழவன்! இஞ்ச பாருங்கோ, மீசையும் வெள்ளை!"

அத்தான் திரும்பினார்.

அந்தக் குரலை அவர் கேட்டு வெகுநாள். முகத்தில் ஒரு சிரிப்புப் புறப்பட்டு, பாதியில் நின்றது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிள்ளை காத்திருந்தான். இப்போது மாமா கூனிக்கொண்டு, நடுங்கும் குரலில், ஓம் தம்பி, ஊன்ற ஒரு பொல்லு எடுத்துத் தா என்று சொல்லவேண்டும். அதற்குப் பிள்ளையிடம் இன்னொரு பதில் இருக்கும். அதற்கும் மேல் ஒன்று.

வாசலில் நின்றபடி அவன் அத்தானைப் பார்த்தான்.

அத்தான் பார்வையை விலக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சொல் என்றும் சொல்லவில்லை.

"யெஸ், பேபி," என்றான் அவன். "ஈட்."

தொழிற்சாலைச் சூப்பர்வைசரின் குரல். தன் வாயிலிருந்து வந்ததை அவனே கேட்டான்.

பிள்ளை அவனைப் பார்த்தான். மற்ற இருவரையும் பார்க்கும் அதே பார்வை.

பிறகு கரண்டியை வாயில் வைத்தான்.

அவன் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். சமையலறையைக் கடந்து, நிலவறைப் படியில் இறங்கத் தொடங்கினான். 

சில படிகள் இறங்கியிருப்பான்.

"யது," என்றது மேலே அத்தானின் குரல். "குளோஸ் த டோர்."

நாற்காலியிலிருந்து குதிக்கும் சத்தம். சின்னக் கால்கள் ஓடி வந்தன. கதவு மூடிக்கொண்டது. படி இருண்டது.

"லொக் இட்," என்றது அத்தானின் குரல்.

கைப்பிடியில் சின்ன விரல்கள் கொஞ்சம் தடவின.

பூட்டு விழுந்தது.