டார்ச் வெளிச்சத்தில் இரண்டு அட்டைகள்

தம்பானூர் லாட்ஜ் அறையின் ஜன்னலைச் சாத்திவிட்டு, அந்தக் காலத்தில் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் அட்டைக்குப் பின்னால் ராகேல் மொபைல் டார்ச்சைப் பிடிக்கிறாள். அசல் அட்டையின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஒரு கறுப்புத் தாள் உண்டு. வெளிச்சம் அதைத் தாண்டாது. மறுபதிப்பில் தாண்டிவிடும். இதில் தாண்டவில்லை. "அப்ப ஒரிஜினல் தானக்கா?" என்கிறான் விற்க வந்த பிபின். "நிறம் ஒத்து வரலயே" என்று, ஒப்பிடுவதற்கான தன் அட்டையை அருகில் வைக்கிறாள் ராகேல். இத்தனை வருடம் எதையும் அவள் போலி என்று தள்ளியது இதைப் பார்த்துத்தான். "அதையும் ஒண்ணு வெளிச்சத்துல நோக்குங்க" என்கிறான் பிபின். பிளாஸ்டிக் உறையைவிட்டு ராகேலின் அட்டை முதன்முறையாக வெளியே வருகிறது; டார்ச் அதன் பின்னால் போகிறது. கீழே பஸ் கண்டக்டர் நாகர்கோயில், நாகர்கோயில் என்று கூவுகிறார். அதிலிருக்கும் மட்டையாளரின் நெஞ்சைத் தாண்டி வந்த வெளிச்சம் ராகேலின் கன்னத்தில் மஞ்சளாக விழுகிறது. அவள் டார்ச்சை அணைக்கவில்லை. இன்னும் கிட்டே குனிகிறாள்.