மூன்றாவது இதயம்

“இந்த இதயம் வேண்டாம். வேற எடு.”

சொல்லிவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எதிரே இருந்த மச்சினன் அந்த இதயத்தை ஒதுக்கிவிட்டு அடுத்ததைத் தேடினான்.

அது ஆஸ்பத்திரி இல்லை; சுவரெல்லாம் பஞ்சுப் பலகை ஒட்டிய ஒலிப்பதிவு அறை. அவரும் டாக்டர் இல்லை. வானொலியில் மருத்துவ நிகழ்ச்சி வாசிப்பவர். ‘குரல் மன்னர்’ என்று பட்டம் வேறு. கொடுத்தது யார் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது; விசிட்டிங் கார்டு அடித்தவரே அவர்தான்.

நாளைய நிகழ்ச்சி இதயத் துடிப்பைப் பற்றியது. தொடக்கத்தில் ஒரு நிஜ இதயம் துடிக்க வேண்டும், அதன்மேல் தன் குரல் ஏற வேண்டும் என்பது அவர் யோசனை. கிடைத்தவர்களின் துடிப்பையெல்லாம் பிடித்து வை என்று காலையில் மச்சினனிடம் சொல்லியிருந்தார்.

சொன்னதோடு விட்டாரா? ஸ்டெதாஸ்கோப்பில் மைக்கைச் சொருகியிருந்த அந்தக் கருவியைப் பிடிக்கக்கூட இவனுக்குத் துப்பில்லை என்று அதைப் பிடுங்கினார். தன் சட்டைக்குள் விட்டு, இடப்பக்கம் அழுத்தி, “இப்படி வைக்கணும், அசையக் கூடாது, மண்டையில ஏறுதா?” என்று பாடம் நடத்திவிட்டுத்தான் மீட்டிங்குக்குக் கிளம்பினார்.

மனைவி அழுது கேட்டதால் கொடுத்த வேலை. தம்பியாம், தம்பி. தண்டச் சோறு. இன்றைக்கும் சொதப்பினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக அவனிடமே சொல்லியாகிவிட்டது. அனுப்பிவிட்டு மனைவியிடம் என்ன சொல்வது என்பதைக்கூட யோசித்து வைத்திருந்தார்.

முதல் இதயம் வாட்ச்மேனுடையது. “ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவுல ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்குது” என்று அதைத் தள்ளியிருந்தார். இப்போது இரண்டாவது ஓடியது.

“இது என்னோடது, மாமா.”

“சொல்லவே வேணாம். ஒழுங்காத்தான் அடிக்குது, ஆனா ஒரு கம்பீரம் வேணாமா? என் குரலுக்குப் பக்கத்துல நிக்கப் போற இதயம்டா.”

மச்சினன் மூன்றாவதைப் போடாமல் தயங்கினான். முகத்தில் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது. வேலை போகிற பயம் என்று அவர் எடுத்துக்கொண்டார். மனதுக்குள் கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

“போடு.”

ஒரு துடிப்பு வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இரண்டு அவசரமாக வந்தன. பிறகு சத்தமே இல்லை. முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைக்கும்போது, படிக்கட்டில் கொட்டிய உருளைக்கிழங்கு மாதிரி நாலைந்து தடதடவென்று உருண்டன.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். “என்னடா இது? கேபிள் லூசா, நீ லூசா?”

“கேபிள் நல்லாத்தான் இருக்கு மாமா. மத்த ரெண்டையும் இதுக்கு அப்புறம் அதுலதான் எடுத்தேன்.”

“அப்போ கம்ப்யூட்டர்ல வெட்டி ஒட்டியிருக்க.”

“இல்ல மாமா. நான் சொல்றதக் கொஞ்சம்…”

“நீ சொல்லி நான் கேக்கணுமா? இதயம்னா என்னன்னு தெரியுமா உனக்கு? மேல ரெண்டு அறை, கீழ ரெண்டு அறை. மேல ஒரு மூலையில கரண்ட் கிளம்பும். முதல்ல மேலறை சுருங்கும், அப்புறம் கீழறை சுருங்கும். அந்த வரிசை கெட்டா மேலறை சுருங்காம சும்மா நடுங்கும். கீழறை தன் இஷ்டத்துக்கு அடிக்கும். உள்ள ரத்தம் தேங்கிக் கட்டியாயிடும். அந்தக் கட்டி மூளைக்குப் போச்சுன்னா, ஆளு ஒரு பக்கமா விழுந்துடுவான். வாயும் கோணிக்கும்.”

எல்லாம் ஒரு இதய மருத்துவர் எழுதிக் கொடுத்தது. நேற்று இரண்டு தடவை வாசித்துப் பார்த்ததில் அவருக்கே சொந்தமாகிவிட்டது.

“இப்படித் துடிக்கிறவன் உக்காந்து மைக் பிடிச்சுட்டு இருப்பானா? மயங்கிக் கெடப்பான்டா.”

“சில பேருக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு உங்க ஸ்கிரிப்ட்லயே இருக்கே, மாமா.”

“வாசிக்கிறவன் நானு. எனக்கே வாசிச்சுக் காட்டுறியா? சரி, யாருடா இந்த ஆளு?”

“நமக்கு வேண்டியவர்தான் மாமா.”

“உனக்கு வேண்டியவன்னா இப்படித்தான் இருப்பான். இதயத்துலகூட ஒழுங்கு கிடையாது.”

மச்சினன் வாயைத் திறந்தான். அவர் கையை உயர்த்தி அடக்கினார். விரட்டுவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று பட்டது.

“சரி, நீ சொல்றது நெஜம்னே வச்சுக்குவோம். ஒருத்தன் நெஞ்சு இந்த லட்சணத்துல அடிக்குது. அதக் கேட்டுட்டு ரெக்கார்ட் பண்ணி, நம்பர் போட்டு, என்கிட்ட கொண்டு வந்து கடை விரிக்கிற. நீயெல்லாம் மனுஷனாடா? அறிவுள்ளவனா இருந்தா இந்நேரம் அந்த ஆள அள்ளிப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்ப.”

மச்சினன் ஹெட்போனைக் கழற்றி வைத்தான். மூலையில் கிடந்த தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவான் என்று அவர் எதிர்பார்த்தார். அவனோ மேசைமேல் இருந்த அவருடைய கார் சாவியை எடுத்துக்கொண்டு, சுற்றி வந்து அவர் கையைப் பிடித்தான்.

“வாங்க மாமா, போகலாம்.”