மூன்று பிடி

செவ்வாய் மண்ணின் சூட்டை அளக்க அனுப்பிய ஊசி, ஒரு சாண் இறங்கியதும் நின்றுவிட்டது. சூரியத் தகடுகளில் தூசி படிந்து, அதைச் சுமந்துபோன கலத்தின் மின்சாரமும் தீர்ந்துகொண்டிருந்தது.

“மேல நீட்டிக்கிட்டு நின்னா அது வெயிலைத்தான் அளக்கும் மேடம். மண்ணைப் போட்டு மூடிரலாம்,” என்றான் கலத்தின் இயந்திரக் கையை இங்கிருந்து இயக்கும் ஜெய்லானி.

“அது ஏற்கெனவே நம்ம தலையில மண்ணள்ளிப் போட்டுருச்சு. சரி, நாமளும் போடுவோம்,” என்றார் குழுத்தலைவர் பிலோமினா. அவன் எழுதிய கட்டளையைப் படித்தவர் நிமிர்ந்தார். “எதுக்கு மூணு தடவை? ஒரு தடவை போட்டாலே மூடிரும். மிச்சக் கரண்ட்ல கடைசியா ஒரு படம் எடுத்துரலாம்.”

“படம் வேண்டாம் மேடம். மூணு பிடி போடணும்.”

கலம் தரையிறங்கிய வாரம்தான் அவனுடைய வாப்பா இறந்துபோனார். அடக்கத்தில் மூன்று பிடி மண் கொடுக்க அவனால் ஊர் போய்ச் சேர முடியவில்லை.

பிலோமினா கட்டளையைத் திருத்தாமல் அனுப்பினார்.

மூன்று பிடியும் விழுந்துவிட்டதாகத் தகவல் வந்தபோது, சூடு எவ்வளவு என்று எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். ஜெய்லானி எழுந்து, கீபோர்டைத் தவிர எதையும் தொடாத கைகளைத் தட்டி உதறிக்கொண்டான்.