வெறுந்தோணி

கம்சிகா முதன்முதலாகச் செய்த கேம், வாவியைக் கடக்கும் ஒரு தோணிதான். அவளோடு கோடிங் பழகத் தொடங்கியவர்கள் பெரிய பெரிய சண்டைக் கேம்களில் இறங்கிப் பாதியில் கைவிட்டார்கள். அவள் ஒரு தோணியையும் இரண்டு கரைகளையும் மட்டும் எடுத்துக்கொண்டாள். ஆட்கள் ஏற ஏறத் தோணி தாழ வேண்டும். அந்த ஒன்றைச் சரியாக்கவே மாரிக்காலம் முழுவதும் போயிற்று. ஆட்களை இன்னும் வரையவில்லை.

ஞாயிறு காலை, தங்கை லதுர்ஷா விளையாடிப் பார்த்தாள்.

“அக்கா, தோணியில ஆருமில்லையே. ஏன் இப்பிடித் தாழ்ந்து நிக்குது?”

கம்சிகா தான் எழுதியதை வரிவரியாகப் பார்த்தாள். பிழை ஒன்றும் இல்லை.

“நீ ஓட்டு,” என்றாள்.

தோணி பாரத்தோடு மெல்லப் போய் அக்கரையில் தட்டியது. தட்டியதும் ஒருமுறை ஆடி, மேலே எழும்பியது.

“வேல செய்யுது,” என்றாள் கம்சிகா.

லேசான தோணி இக்கரைக்குத் திரும்பியது. அவள் வெறும் மணலாக வரைந்திருந்த இடத்தில், செருப்புகளைக் கையில் பிடித்தபடி ஆட்கள் வரிசையாக நின்றார்கள்.

கம்சிகா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“அவசரப்படாம ஏறுங்க,” என்றாள். “எல்லாரையும் கொண்டுபோய் விடுறன்.”