வேட்பாளரின் ஜீப் கொதிக்கிறது

பரகோய் ஊரில் நடக்கும் தேர்தல் கூட்டத்துக்குப் போகும் வழியில் வேட்பாளர் லெகிஷோனின் பழைய ஜீப் மறுபடியும் கொதித்து நின்றது. பேட்டரியும் படுத்துவிட்டது.

"எதிராளி முந்திக்கிட்டா கூட்டமே அவன் பக்கம் போயிடும்டா! ரேடியேட்டரைப் பாத்தியா?"

"புதுசுங்கய்யா. தண்ணியும் இருக்கு," என்றான் டிரைவர் லெபரான், தரையைப் பார்த்தபடி.

"வயரிங்?"

"நேத்துதான் மாத்தினேன்."

"அப்புறம் என்னதான்டா கோளாறு? பயப்படாம சொல்லு!"

லெபரான் தலையைச் சொறிந்தான். பின்சீட்டிலிருந்து லெகிஷோனின் மனைவி நசியேகு எட்டிப் பார்த்தாள்.

"அவன் எப்படிச் சொல்லுவான்? ரேடியேட்டருக்குக் காத்தே போகாம முன்னாடி கட்டியிருக்கிற உங்க படத்தை அவிழுங்க. காலையிலேர்ந்து ஒலிபெருக்கியில ஓடுன உங்க பேச்சுதான் பேட்டரியைக் குடிச்சிருச்சு. அந்த ஒலிபெருக்கியையும் கழட்டுங்க. வண்டி ஒழுங்கா ஓடும்."

லெகிஷோன் தன் படத்தையே சற்று நேரம் பார்த்தார். பிறகு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"ரெண்டு பேரும் இறங்கித் தள்ளுங்க. பரகோய் வரைக்கும்."