ஜோடிக் கதவு

“அந்தச் சேத்து பூட்ஸோட உங்க ஆளுங்க என் வரவேற்பறைக்குள்ள வரக் கூடாது, கேப்டன்.”

மிஸ் ஹெஸ்டர் ஓடெல் குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். வாசலில் லாரி நின்றது. ஆங்கிலேயச் சிப்பாய்கள் பெட்ரோல் டின்களை இறக்கி, படிக்கட்டில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்கள். அயர்லாந்தில் அந்தக் கோடையில் இப்படி எரிந்த வீடுகள் நிறைய.

“டெனிஸ் ட்வயர் இங்கதான் ஒளிஞ்சிருக்கான்னு தகவல், மேடம்,” என்றான் கேப்டன் ஃபென்விக். “ஆள் கிடைச்சா அவனைச் சுடணும். இடம் கொடுத்த வீட்டைக் கொளுத்தணும். உத்தரவு.”

“டெனிஸ் என் சமையல்காரி நெல்லோட பையன். மலைப்பக்கம் ஓடி மாசக்கணக்காச்சு. அவளுக்கே ஒரு சேதி இல்ல.”

பின்னால் நின்ற சார்ஜென்ட் பட் சிரித்தான். “நல்லாருக்கு சார். சுவத்துப் படத்துல அண்ணன் நம்ம ராணுவ உடுப்புல தொங்கறாரு. தங்கச்சி கிளர்ச்சிக்காரனுக்கு சூப் ஊத்தறாங்க.”

“பட், வெளிய நில்லு. எல்லாரும் வெளிய நில்லுங்க. இந்த அறையை நான் பாத்துக்கறேன்.”

கேப்டன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தான். முதலில் பார்த்தது கூரையைத்தான். சுண்ணச் சாந்தில் செய்த பறவைகள், திராட்சைக் கொடிகள். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து நின்றான்.

“யாரு பண்ணினது?”

“கார்க் நகரத்துலேர்ந்து வந்த மேஸ்திரியாம். பேரு யாருக்கும் தெரியாது. குளிர்காலம் பூரா இங்கயே தங்கி, கையாலயே பண்ணினானாம்.”

கணப்பின் இரண்டு பக்கமும் இரண்டு கதவுகள். ஒரே உயரம், ஒரே சட்டம், ஒரே பித்தளைக் குமிழ். கேப்டன் இடப்பக்கக் கதவைத் திறந்தான். உள்ளே செங்கல் சுவர்.

“பொய்க் கதவா?”

“எங்க முன்னோர்களுக்கு எல்லாமே ஜோடியா இருக்கணும். ஜன்னலுக்கு ஜன்னல், தூணுக்குத் தூண். ஒண்ணு கோணினா அவங்களுக்குத் தூக்கம் வராது.”

“அந்தப் பக்கம் இருக்கறது?”

வலப்பக்கக் கதவுக்குப் பின்னால், வெள்ளிப் பாத்திரம் வைக்கிற சின்ன அறையில், டெனிஸ் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருந்தான். அந்த அறையிலிருந்து வெளியேற வேறு வழி கிடையாது.

“அதுவும் பொய்தான்,” என்றாள் ஹெஸ்டர்.

நெல் டீத் தட்டோடு உள்ளே வந்தாள்.

“ரெண்டுமே பொய்யா?”

“ரெண்டுமே.”

கேப்டன் வலப்பக்கக் கதவருகே போனான். குமிழைத் தொடவில்லை. சட்டத்தை விரலால் ஒருமுறை வருடினான். பிறகு அந்தக் கதவில் சாய்ந்து நின்று, நெல் நீட்டிய டீயை வாங்கிக்கொண்டான்.

பட் வாசலிலிருந்து தலையை நீட்டினான். “சார், அதையும் உடைச்சுப் பாத்துடலாமா?”

“இதுவும் அதே செங்கல்தான். நான் பாத்தாச்சு. உடைக்கறதுன்னா உனக்கு சாப்பாடு மாதிரி.”

பார்க்கவே இல்லையே! ஹெஸ்டர் மூச்சுவிட்டாள். இவ்வளவு சோம்பேறி முட்டாளையா கேப்டனாக்கி அனுப்பியிருக்கிறார்கள்?

“நாம பாலத்துக்குப் போறோம், பட்!” கேப்டன் அடுத்த ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினான். “இருட்டற வரைக்கும் அங்கதான். சதுப்பு நிலப் பாதைல நிறுத்த நம்மகிட்ட ஆள் இல்ல!”

“ஏன் சார் கத்தறீங்க? பக்கத்துலதான இருக்கேன்.”

“போய் டின்னையெல்லாம் ஏத்து.”

நெல் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். ஹெஸ்டர் மரியாதைக்காக வாசல்வரை போனாள். கடைசி டின்னும் லாரியில் ஏறியது.

கேப்டன் தொப்பியை மாட்டிக்கொண்டான். குரல் இறங்கிவிட்டது.

“சண்டைக்கு முந்தி நான் வீடுகளுக்கு வரைபடம் போட்டுட்டிருந்தேன், மேடம். பொய்க் கதவு எதுக்கு வைப்பாங்கன்னு தெரியுமா? இன்னொரு பக்கம் நிஜக் கதவு ஒண்ணு இருக்கும். அதுக்கு ஜோடியாத்தான். ரெண்டுமே பொய்யா யாரும் கட்ட மாட்டாங்க.”

ஹெஸ்டர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும். ஒரு தாயோட வயித்துல பாலை வார்த்தீங்க.”

“எந்தத் தாய்?” கேப்டனின் கண்கள் அவளைத் தாண்டி, உள்ளே கூரையில் இருந்த பறவைகள் மேல் நின்றன. “சீக்கிரம் அவனை இங்கேர்ந்து அனுப்பிடுங்க, மேடம். ஏதாவது சாதாரண வீட்டுல கிடைச்சான்னா, எனக்குக் கொளுத்தறதுல கஷ்டம் இருக்காது.”